லிட்டருக்கு இருபத்தேழு

மார்ச் 4, செவ்வாய்

விடுப்பு முடிந்தது. வேலைக்குப் போனேன்.

கேட்டில் செக்யூரிட்டி என் அட்டையை வாங்கி, முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போகும்போது வயிறு இருந்தது. இப்போது வயிறும் இல்லை, வீட்டில் குழந்தையும் இல்லை. எட்டாவது மாதம், உள்ளேயே. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு வசதி.

எங்கள் கார் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்குத் தலைவர் சீஃப். கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு லேசான வேலையா பாரும்மா. உருளை மேல வண்டி ஓட்டுவானே, துள்ளல்னு கூப்பிடுவோமே, அவன் வேற கம்பெனிக்குப் போயிட்டான். ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ ஓட்டு. உக்காந்துகிட்டே செய்ற வேலைதான்."

சரி என்றேன். எஞ்சினியரிங் படித்தது இதற்கா என்று முன்பென்றால் கேட்டிருப்பேன். இப்போது எதற்கும் சரி என்பது எளிதாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

வண்டி ஓரடிகூட நகராது. முன் சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகளின் மேல் நிற்கின்றன. சக்கரம் சுற்றினால் உருளை சுற்றும், அவ்வளவுதான். எதிரே ஆளுயர விசிறி. பின்னால் புகைக்குழாயில் மாட்டிய தடித்த குழாய் — வரும் புகையை அளந்து எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்று கணக்குப் போடுவார்கள். கண்ணுக்கு நேரே திரை. திரையில் ஒரு கோடு. ஏறும், இறங்கும், தட்டையாகக் கிடக்கும். ஏதோ ஒரு நகரத்தின் சராசரிப் போக்குவரத்தாம். என் வேகம் அந்தக் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், அதற்கு மேல் கூடாது. இருபது நிமிடம். இந்த வாரம் கை பழகத்தான், அளவு எடுக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மைக் அக்கா. கருவிகளைப் பார்ப்பவள். அவள் குரல் ஒலிபெருக்கியில்தான் வரும், அதனால் அந்தப் பெயர்.

"பெல்ட் போட்டியா? எங்க போறோம் இன்னைக்கு?"

"எங்கயும் இல்லக்கா."

"அப்போ சரி. பத்திரமா போயிட்டு வா."

மார்ச் 6, வியாழன்

என் கணவன் குளியலறையில் அழுதான். குழாயைத் திறந்துவிட்டிருந்தும் கேட்டது. வெளியே வந்ததும் துண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். நாங்கள் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறோம்.

மார்ச் 7, வெள்ளி

கத்திரி வந்திருந்தார். செலவுக் கணக்குப் பிரிவு. வண்டியில் எதைப் பார்த்தாலும் வெட்டுவதால் இந்தப் பெயர். அவர் வீட்டு நாற்காலிகளுக்கு மூன்று கால்தான் என்பாள் மைக் அக்கா — நாலாவதை எடுத்துப் பார்த்தாராம், விழவில்லையாம், அப்படியே விட்டுவிட்டாராம். எங்கள் எஞ்சினுக்கும் மூன்று சிலிண்டர்தான். அதன்மேல் அவருக்குத் தனிப் பாசம்.

இன்று கையில் எண்ணெய் பம்போடு வந்தார். சாதாரண பம்பு எஞ்சினுக்குள் எண்ணெயை முழு மூச்சாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது இரண்டு நிலை பம்பு. தேவையில்லாதபோது தன்னைத் தளர்த்திக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த அளவு சுமை மிச்சம், பெட்ரோலும் மிச்சம். விலைதான் மூன்று மடங்கு.

"சாதா பம்பு போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுவோமே சார்," என்றார் சீஃபிடம். "நம்மகிட்ட வர்றவன் இன்னொரு காரை வித்துட்டு வரப்போறதில்ல. ஸ்கூட்டரை வித்துட்டு வருவான். பின்னாடி பொண்டாட்டி, முன்னாடி ஒரு புள்ள, நடுவுல ஒரு புள்ள. அவனுக்கு ரெண்டே கேள்வி. என்ன விலை? லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்? இந்த பம்பு மொத கேள்வியிலயே நம்மளக் கவுக்குது."

"எடுத்தா ரெண்டாவது கேள்வியில கவுந்துடுவோம்யா."

"பாத்துடுவோம் சார். பாக்குறதுக்குக் காசா?"

புள்ள என்று அவர் சொன்னபோது சீஃப் என்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் கத்திரியும் பார்த்தார். கையிலிருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் நீட்டினார். வாங்கினேன். ஏறக்குறைய இரண்டு கிலோ. சில எடைகள் கைக்குத் தெரிந்துவிடுகின்றன.

மேசையில் வைத்தேன்.

சீஃபின் பயம் நியாயம்தான். லிட்டருக்கு இருபத்தாறு கிலோமீட்டர் கொடுக்கும் சின்ன கார்களுக்கு வரி பாதி. ஒரு புள்ளி குறைந்தாலும் முழு வரி. முழு வரியென்றால் ஸ்கூட்டர்காரன் ஸ்கூட்டரிலேயே இருப்பான். துள்ளல் இந்த பம்போடு ஓட்டியதில் 26.1 வந்தது. நூலிழை.

மார்ச் 11, செவ்வாய்

சாதா பம்பை மாட்டி ஓட்டினோம். 27.0.

மைக் அக்கா இரண்டு தரம் கணக்குப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியில்: "என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"அதத்தான் கேக்குறேன். காலை அசைச்சியா இல்லையா?"

கத்திரி ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. "பாத்தீங்களா சார்! எடுத்ததும் ஏறுது! இன்னும் ரெண்டு சாமானை எடுத்தா முப்பது வந்துடும்."

சீஃப் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயை அப்படி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

26.9. மறுபடி 27.1. "எஞ்சின் செட்டில் ஆயிடுச்சு," என்கிறார் சீஃப்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று எழுதிப் பார்க்கிறேன். விசிறி இரைகிறது, அது கேட்பதில்லை. கோடு ஏறினால் கால் இறங்குகிறது. கோடு இறங்கினால் கால் எழுகிறது. நடுவில் நான் என்று ஒருத்தி முடிவெடுக்க வேண்டியதில்லை. துள்ளல் ஓட்டும்போது விசிலடிப்பானாம். அலுப்புத் தட்டும்போது மிதிப்பானாம். எனக்கு அலுப்பு இல்லை. அலுப்புக்கும் ஓர் ஆள் வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

அம்மா போனில்.

"வாய்விட்டு அழுதுடுடி. உள்ளயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாது."

"அழ வரலம்மா."

"வரலைன்னா வரவழைச்சுக்கோ. எல்லாத்துக்கும் ஒரு மெஷின் வச்சிருக்கீங்களே உங்க ஆபீஸ்ல."

அப்பா பின்னாலிருந்து, "போனை வை, அவளை விடு," என்றது கேட்டது.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு நிலை பம்பு ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். விலை முடிவாகிவிட்டது. விளம்பரத்துக்கு வாசகமும் ரெடி: லிட்டருக்கு இருபத்தேழு. அரசாங்கத்து ஆட்கள் வந்து அவர்கள் கண்முன் ஓட்டிக்காட்டும் சோதனை மே ஏழாம் தேதி.

"நீதான் ஓட்டுற," என்றார் சீஃப். "டிரைவர் தேடுறதையே நிறுத்தியாச்சு."

மைக் அக்கா: "உன் காலை இன்சூர் பண்ணணும்டி."

ஏப்ரல் 2, புதன்

இரவு முழுதும் வண்டியை ஒரே வெப்பத்தில் நிறுத்திவைத்துத்தான் மறுநாள் ஓட்டுவோம். எஞ்சின், எண்ணெய், டயர், எல்லாம் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். ஊறப்போடுவது என்று பெயர். இன்று அந்த அறையில் வேலையில்லாமல் கொஞ்சம் நின்றேன். வண்டியும் நானும். இருபத்தைந்து டிகிரி.

வசதியாக இருந்தது. வெளியே வர மனமில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். காலி. தட்டில் விரித்திருந்த செய்தித்தாள்கூடப் புதுசு.

குழந்தைக்கு வாங்கிவைத்த சின்னத் துணிகள், போர்வை, இரண்டு தொப்பி. அவனுக்கு வேலையிடத்தில் தெரிந்த ஒருவருக்கு அடுத்த வாரம் பிரசவமாம்.

"நீ பாத்தா கஷ்டப்படுவன்னுதான்," என்றான்.

"எப்போ குடுத்த?"

"ஞாயித்துக்கிழம. நீ கடைக்குப் போயிருந்தப்ப."

"சரி."

சரி என்றுதான் சொன்னேன். வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது வார் அறுந்தது. நான் இழுத்த இழுப்பு அப்படி.

கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை. கேட்டிருக்கலாமேடா. மஞ்சள் தொப்பி நான் வாங்கினது. நான். நீ இல்ல. தொட்டுப் பாக்குறதுக்காவது — நான் தொடவே இல்லையே அதை —

ஏப்ரல் 9, புதன்

நேற்று எழுதாமல் விட்டது: 25.6.

சீஃப் முகம் போன போக்கு. உருளையில் கோளாறா, டயரில் காற்றா, பெட்ரோலில் கலப்படமா. இன்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 25.7.

கத்திரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். "போன மாசம் நல்லாத்தானே இருந்த?" என்று வண்டியிடம் கேட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

விசிறியை மாற்றினார்கள். புகையை அளக்கும் கருவியைக் கழற்றி மாட்டினார்கள். பெட்ரோல் பீப்பாய் புதுசு. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கலாமா என்று பேச்சு.

யாரும் என்னைக் கேட்கவில்லை. இருக்கையில் இருப்பது ஒரு மாறாத பொருள் என்று வைத்துக்கொண்டுவிட்டார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெடல் வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை எந்த நொடியில் எவ்வளவு மிதித்தேன் என்பது தனியாகப் பதிவாகும். யாரும் அதைத் திறப்பதில்லை. வேகம் கோட்டில் இருந்தால் போதும், கால் என்ன செய்தது என்று யாருக்குக் கவலை?

மார்ச் மாதத்துக் கோடுகள் காற்றில்லாத குளம். ஏப்ரல் எட்டு — ஈ நடந்த மாதிரி. கோட்டை விட்டு விலகவில்லை, ஆனால் ஒவ்வொரு நொடியும் கொஞ்சம் மிதித்து, கொஞ்சம் விட்டு, மறுபடி மிதித்து. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொட்டு.

எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அதன் அளவு 1.4 கிலோமீட்டர்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு வேறொன்று தோன்றி நின்றுவிட்டேன். துள்ளல் போனான். பம்பு போனது. ஒரே வாரம். இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு, வந்த எண்ணைப் பம்பின் கணக்கில் எழுதிவிட்டோம். கல்லூரி முதல் வருடப் பாடம் இது: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கூடம் நிறையப் பட்டம் வாங்கியவர்கள் இருந்தோம். நல்ல செய்தி வந்ததும் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மைக் அக்காவிடம் சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேற யாரை உட்கார வச்சுப் பாக்குறது?"

வாகன நிறுத்தத்தில் புது வண்டிகளை வரிசைப்படுத்தும் டிரைவர் ஒருவரை அழைத்துவந்தாள். நல்ல டிரைவர். பாதியில் தும்மினார், மன்னிப்புக் கேட்டார். 25.2.

மறுபடி ஓட்டினார். 25.3.

இதுதான் எங்கள் வண்டி. தும்முகிற ஓர் ஆள் ஓட்டினால் இவ்வளவுதான் கொடுக்கும்.

ஏப்ரல் 16, புதன்

சீஃபிடமும் கத்திரியிடமும் இரண்டு வரைபடத்தையும் காட்டினேன்.

சீஃப் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கத்திரிதான் முதலில். "அப்போ மார்ச்ல ஏறினது..."

"நான் சார். வண்டி இல்ல."

"எப்படிம்மா ஒருத்தரால அப்படி ஓட்ட முடியும்?"

பதில் எனக்குத் தெரியும். அவருக்கும் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது, கீழே பார்த்துக்கொண்டார்.

"வண்டியோட சேத்து உன் காலையும் குடுத்தனுப்ப முடியாது இல்ல," என்றார் மெதுவாக. நக்கல் இல்லை. கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

சீஃப் அவரைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "பம்பை இப்போ திரும்பச் சேத்தா விலை ஏறும். வெளியீடு அஞ்சு மாசம் தள்ளிப் போகும். மேலிடத்துல சின்ன கார் வேணாம்னு சொல்ல ஏற்கெனவே நாலு பேர் காத்திருக்காங்க. நம்ம கூடத்தையே மூடுவாங்க. மைக் அக்காவுக்கு ரெண்டு பசங்க படிக்குது."

"தெரியும் சார்."

"ஒரே ஒரு நாள். மே ஏழு. அன்னைக்கு மட்டும்..." சொல்லைத் தேடினார். "அன்னைக்கு மட்டும் பழைய மாதிரி ஓட்டு. சட்டப்படி தப்பு இல்ல. கோட்டுக்குள்ளதானே ஓட்டுற."

உண்மைதான். சட்டப்படி தப்பே இல்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பழைய மாதிரி.

ஏப்ரல் 22, செவ்வாய்

எல்லாரும் சாப்பிடப் போனபோது வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். விசிறி. கோடு. முதல் சில நிமிடம் தொப்பி, அலமாரி, அவன் முகம். பிறகு ஒவ்வொன்றாக விலகின. உள்ளே அந்த அறை அப்படியே இருக்கிறது, விளக்குப் போட்டு வைத்த மாதிரி. இருபத்தைந்து டிகிரி.

26.9.

போக முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. வர முடியுமா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 23, புதன்

நேற்று வீட்டுக்கு வந்த பிறகும் வெளியே வரவில்லை. அவன் ஏதோ கேட்டான், பதில் சொன்னேன், என்ன கேட்டான் என்று நினைவில்லை. இன்று காலை என் எதிரே உட்கார்ந்து, "மறுபடி போயிட்ட இல்ல?" என்றான்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது இருக்கிறேன், எப்போது இல்லை என்று. இத்தனை நாளும்.

எல்லாவற்றையும் சொன்னேன். பம்பு, 27.0, துணிகளைக் கொடுத்த நாள், 25.6.

"என்மேல கோபமா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"லிட்டருக்கு 1.4 கிலோமீட்டர்."

சிரிப்பதா என்று தெரியாமல் பார்த்தான். "திட்டியிருக்கலாம்ல? நான் அன்னைக்கு முழுக்க காத்துகிட்டிருந்தேன், நீ திட்டுவன்னு. சரின்னு சொல்லிட்டுப் போயிட்ட. நான் தனியா இருந்தேன் தெரியுமா? ரெண்டு பேருக்கும்தான் புள்ள செத்துப் போச்சு. நான் மட்டும்தான் அழுதேன்."

நான் திட்டவில்லை. ஆனால் அன்று வார் அறுந்த செருப்பை எடுத்துவந்தேன். அதை மேசைமேல் வைத்தேன், அவன் பார்க்கட்டும் என்று.

ஏப்ரல் 28, திங்கள்

சீஃபிடம் சொல்லிவிட்டேன்.

"ஓட்ட மாட்டேன்னு சொல்றியா?"

"ஓட்ட வரல சார்."

பொய். வரும். வருகிறது. ஆனால் அவருக்கு விளக்க வேறு வழி தெரியவில்லை. இருபது நிமிடம் செத்துப்போய்விட்டு வா என்கிறார். போய்வரத் தெரிந்தவள் என்பதால்தான் போகமாட்டேன் என்கிறேன் — இதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது?

"யோசிச்சுத்தான் பேசுறியா? எத்தன பேர் வேல தெரியுமா?"

"இருபத்தேழுன்னு நம்பி ஸ்கூட்டரை விப்பாங்க சார். மாசம் அவ்வளவுதான் பெட்ரோல் ஆகும்னு கணக்குப் போட்டு. அப்புறம் வண்டி வாசல்லயே நிக்கும்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். என் குரல் உயர்ந்திருந்தது. அது எனக்குக் கேட்டது. விசித்திரமாக இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல.

மே 7, புதன்

வாகன நிறுத்தத்து டிரைவர் ஓட்டினார். புதுச் சட்டை போட்டிருந்தார். தும்மவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப்பக்கம், மைக் அக்காவோடு. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், திட்டிக்கொண்டே. "பாவி. என் வேலைக்கு உலை வச்சுட்டியேடி. மூச்சுவிடு, மூச்சுவிடு, உனக்கு ஏன் இப்படிக் கை சில்லுன்னு இருக்கு?"

25.3.

அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். முழு வரி. சீஃப் அவர்களோடு கைகுலுக்கினார். என்னைக் கடந்து போனார்.

மே 9, வெள்ளி

சுவரில் ஒட்டியிருந்த விளம்பர மாதிரியை யாரோ கிழித்திருக்கிறார்கள். "லிட்டருக்கு" மட்டும் மிச்சம்.

மே 26, திங்கள்

ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. சம்பளம் அதே. சீஃப் இன்னும் பேசுவதில்லை.

ஜூன் 19, வியாழன்

கான்டீனில் கத்திரி தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கூடத்தை மூடவில்லை. சின்ன காரும் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து அடித்தும் சாகவில்லை என்றார். பம்பைத் திரும்பச் சேர்க்கிறார்கள். மூன்று டிரைவர்களை மாற்றி மாற்றி ஓட்டவிட்டு 26.2. வரி பாதியாகும். பம்பின் விலையை எங்கே ஈடுகட்டுவது என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லையாம்.

"கிடைச்சுதா சார்?"

"முக்கால்வாசி. பின் சீட் கண்ணாடி இனிமே இறங்காது."

"பசங்களுக்குக் காத்து?"

"முன்னாடி தொறந்தா பின்னாடி வரும்." சாப்பிட்டார். "மிச்சக் கால்வாசியை விலையிலதான் ஏத்தணும். கொஞ்ச பேரு வர மாட்டான். ஸ்கூட்டர்லயே போவான். அவன் யாருன்னு எனக்குத் தெரியும்மா. கணக்குல தெரியும்."

அவர் கண்களில் அந்த ஆட்கள் தெரிந்தார்கள். எனக்கும் தெரிந்தார்கள். தண்ணீர் குடித்தேன். போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவோடு போனில் சண்டை. எதற்கென்று நினைவில்லை. அவள் சந்தோஷமாகப் போனை வைத்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவனுடைய அண்ணன் வெளியூர் போயிருப்பதால் இரண்டு நாளாக அவர் கார் எங்களிடம். அவன் ஓட்டினான். அவன் கார் ஓட்டுவதை இவ்வளவு கவனித்ததில்லை. சிக்னல் வரை விரட்டிப் போய் சடக்கென்று பிரேக். மறுபடி விரட்டல், மறுபடி பிரேக்.

"என்னடா ஓட்டுற? தூரத்துலயே செவப்பு தெரியுதுல்ல? காலை எடுடா! பெட்ரோல் என்ன உங்க அண்ணன் கிணத்துலயா ஊறுது?"

கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவன் என்னைப் பார்த்தான். "ம்," என்றான். "இன்னும்."

"என்ன இன்னும்?"

"இன்னும் திட்டு."

திட்ட ஆரம்பித்தேன். ஓட்டுவதைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். தொப்பியில் போய் நின்றது. மஞ்சள் நிறம் எதற்கு வாங்கினேன் என்று சொன்னேன், யாருக்கும் சொன்னதில்லை. எந்தச் சொல்லில் குரல் உடைந்தது என்று தெரியவில்லை. மூக்கு ஒழுகியது. அவன் கைக்குட்டை தேடினான், கிடைக்காமல் சட்டைக் கையை நீட்டினான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன், அதற்குப் பின்னாலும் ஹாரன். மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. யாரோ ஜன்னலைத் தட்டி, "வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்ல சார், ஓடுது," என்றான் அவன்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்ற இடத்திலேயே, எரித்துக்கொண்டு. எத்தனை மில்லி என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.